மாரியும் கச்சானும் அறிந்து பூமரம் வளர்ப்போம்: மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தை மாதத்தில் வாங்கி வைத்த பூங்கன்று பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஆனி பிறந்ததும் இலை கருகிக் குச்சியாகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பூமரம் வைக்கும் பலரின் முறைப்பாடு இதுதான். கைராசி இல்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த தையில் மறுபடியும் கன்று வாங்குகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கண்டி, நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கும் அந்த மண்ணுக்கும் ஏற்ற முறையை, உவர் கலந்த கிணற்று நீரும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் என்ற வெப்பக் காற்றும் உள்ள நம் ஊரில் அப்படியே செய்வதால் வருகிற வினை அது. எந்தச் செடி நிலத்துக்கு, எந்தச் செடி சாடிக்கு என்று முதலில் பிரித்து, எந்த மாதத்தில் எந்த வேலை என்பதையும் அறிந்துகொண்டால், வாசலில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் வளவு எந்தக் கரையில் இருக்கிறது?

கன்று வாங்குமுன் மண்ணைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி ஊடாகக் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரை நீளும் கடலோர ஊர்களில் பெரும்பாலும் மணல்தான். ஊற்றுகிற நீர் நொடியில் கீழே போய்விடும். போடுகிற பசளையும் கூடவே போய்விடும். மேற்கே படுவான்கரையில், வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்சார்ந்த வளவுகளில் மண் இறுக்கமானது. மாரியில் சேறாகி நீர் தேங்கும், வெயிலில் வெடிக்கும். சம்மாந்துறையின் வயலோர வளவுகளிலும் இதே நிலையைக் காணலாம்.

ஐயமாக இருந்தால் ஓர் அடி ஆழத்துக்குச் சிறு குழி வெட்டி, ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். அது வற்றிய பின் இன்னொரு வாளி ஊற்றிப் பாருங்கள். இரண்டாவது வாளி சில நிமிடங்களில் மறைந்தால் மணல்மண். மணிக்கணக்கில் நின்றால் களிமண். இந்த ஒரு சோதனை மீதி முடிவுகள் பலவற்றை உங்களுக்காக எடுத்துவிடும்.

அடுத்தது கிணற்று நீர். மாரியில் நன்னீராக இருக்கும் கரையோரக் கிணறு ஆவணி, புரட்டாதியில் சவர் தட்டும். நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும். மட்சாடி வைத்திருப்பவர்கள் சாடியின் வெளிப்புறத்தைப் பார்த்தாலும் போதும்: விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு வளையமாகப் படிந்திருந்தால், நீரில் உள்ள உப்பு சாடிக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது. விரலால் சுரண்டினால் மாவாக உதிரும். அதே நேரத்தில் செடியின் இலை நுனிகள் பழுப்பாகிக் காய ஆரம்பித்திருக்கும்.

நிலத்துக்கு எது, சாடிக்கு எது

நிலம் இல்லாதவர்கள்தான் சாடியில் வைப்பார்கள் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். சில செடிகளுக்கு நம் ஊரில் சாடிதான் சரியான இடம்.

செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, அலரி ஆகிய நான்கும் நிலத்துக்குரியவை. வேரை ஆழமாக விட்டுவிட்டால் கச்சானைத் தாங்கும். செவ்வரத்தையைச் சாடியில் வைத்தால், பதினாறு அங்குலத்துக்குக் குறையாத சாடியாக இருந்தாலும், ஆடியில் ஒருநாள் நீர் தவறினால் மொட்டு முழுவதையும் உதிர்த்துவிடும். அலரி உவரையும் கடற்காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே நஞ்சு. சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும், ஆடு மாடு கட்டும் இடத்துக்கு அருகிலும் அலரி வேண்டாம். வெட்டிய கிளைகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது. புகையும் கெடுதி செய்யும்.

சாடிக்கு ஏற்றவை எக்ஸோரா, ரோசா, அடினியம், கடதாசிப்பூ. எக்ஸோரா புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புகிற செடி. கரையோர மணலில் சிப்பித் தூள் கலந்திருப்பதால் சுண்ணாம்புத் தன்மை மிகுந்துவிடுகிறது. அங்கே நிலத்தில் வைத்த எக்ஸோராவின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். சாடியில் நாமே கலவை செய்து வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும். படுவான்கரையில் எக்ஸோராவைத் தாராளமாக நிலத்திலும் வைக்கலாம்; ஆனால் சீமெந்துச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், சுவரிலிருந்து கரையும் சுண்ணாம்பும் இதையே செய்யும்.

அடினியம் வறண்ட நிலத்துச் செடி. கச்சான் அதற்குக் கொண்டாட்டம். மாரி மழை ஆகாது. சாடியில் இருந்தால் மழைக்குத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம் என்பதே அதைச் சாடியில் வளர்ப்பதற்கான காரணம். கடதாசிப்பூ நிலத்திலும் நன்றாக வளரும். ஆனால் நல்ல மண்ணும் நீரும் கிடைத்தால் கூரை வரை கொடியாக ஏறி, இலையும் முள்ளுமாக நிற்கும். வேரைச் சற்று நெருக்கினால்தான் நிறைந்து பூக்கும். பத்து அல்லது பன்னிரண்டு அங்குலச் சாடி போதும்.

நடும் காலம்

மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 முதல் 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான வடகீழ்ப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் வீசும். இலையிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கும் வெப்பக் காற்று அது. கச்சான் தொடங்குமுன் வேர் ஆழம் போயிருக்க வேண்டும். நடும் நாளைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குத்தான்.

எழுவான்கரை மணலில் ஐப்பசியின் முதல் மழைகள் மண்ணை நனைத்தவுடன் நடலாம். எவ்வளவு பெய்தாலும் நீர் வடிந்துவிடும். கன்றுக்கு ஆறேழு மாதம் வேர்விடக் கிடைக்கும். படுவான்கரைக் களியில் ஐப்பசியில் நட்டால் கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் வேர் அழுகும். அங்கே தை மாதத்தில், மண் பிடித்தால் உருண்டையாகவும் விட்டால் உதிர்வதாகவும் இருக்கும்போது நடுவதே நல்லது. சித்திரைக்குப் பிறகு யாராவது கன்று தந்தால் வாங்கி, சாடியிலோ பையிலோ நிழலில் வளர்த்து வையுங்கள். நிலத்தில் வைக்க அவசரப்பட வேண்டாம்.

குழி வெட்டி நடுதல்

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மணல் வளவில் குழியின் அடியில் பொச்சுமட்டைகளை இரண்டு வரிசை அடுக்குங்கள். மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழே ஓடும் நீரை ஏந்திப் பிடிக்கும். ஒவ்வொரு வரிசையின் மேலும் கொஞ்சம் மண் தூவுங்கள். தென்னங்கன்று நடுகிறவர்களின் பழைய முறை இது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு அந்த மட்டைகள் ஈரம் காக்கும். தென்னை நிறைந்த எழுவான்கரையில் மட்டையை எரித்துவிட்டு, மணலில் ஈரம் நிற்கவில்லை என்று வருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மேலே நிரப்புவதற்கு: வெட்டிய மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, கிடைத்தால் வயல்மண் அரைப் பங்கு. மாட்டெரு குறைந்தது மூன்று மாதம் கிடந்து, மணமற்று, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும்.

களிமண் வளவில் மட்டை வேண்டாம். நீர் தேங்குவது இன்னும் கூடிவிடும். அங்கே முக்கால் அடி உயரத்துக்கு மேடை கட்டி, மண்ணோடு கருக்கிய உமியும் கூட்டெருவும் கலந்து அதன் மேல் நடுங்கள். அரிசி ஆலைகள் உள்ள ஊர்களில் உமிக்குப் பஞ்சமில்லை. அதைக் கரியாகும் அளவுக்கு மட்டும் கருக்க வேண்டும், சாம்பலாக்கிவிடக் கூடாது. பச்சை உமியை நேரே கலந்தால் அது மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், கன்று மஞ்சளாகிவிடும்.

இடைவெளி விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் நான்கு முதல் ஐந்து அடி, நந்தியாவட்டைக்கு ஐந்து அடி, எக்ஸோராவுக்கு இரண்டரை அடி. மேற்கு எல்லையில் அலரி அல்லது சீமைக்கிளுவை வேலி ஒன்று இருந்தால் கச்சானின் வேகம் பாதி குறையும். கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கிழக்கிலும் ஒரு தடுப்பு வேண்டும். மாரிக்காற்றில் வரும் உப்புத் துவலை இலை ஓரங்களைக் கருக்கும். பலத்த காற்று வீசி மழை பெய்யாத நாட்களில் மாலையில் நன்னீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

சாடியும் கலவையும்

வீதியோரங்களில் விற்கும் புதுச் சீமெந்துச் சாடியை வாங்கியவுடன் செடி வைக்க வேண்டாம். அதன் அடித் துளையை அடைத்து, நீர் நிரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி இரண்டு கிழமை வையுங்கள். சுண்ணாம்பு கரைந்து வெளியேறும். எக்ஸோராவுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. மட்சாடியில் வேருக்குக் காற்று கிடைக்கும், ஆனால் கச்சானில் விரைவில் காய்ந்துவிடும். பிளாஸ்ரிக் சாடி ஈரம் காக்கும். மேற்கு வெயில் நேரே படும் இடத்தில் கறுப்பு நிறச் சாடி வைத்தால் வேர் வெந்துவிடும்.

எந்தச் சாடியிலும் அடியில் விரல் நுழையும் துளை குறைந்தது மூன்று இருக்க வேண்டும். துளையின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டொன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் அடைக்காது.

பொதுவான கலவை: மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. எக்ஸோராவுக்கு உமியை விட்டுவிட்டு, தும்புத்தூளை ஒன்றரைப் பங்காக்குங்கள். அடினியத்துக்குப் பாதிக்குப் பாதி ஆற்று மணல் போட வேண்டும். கடல் மணல் எதற்கும் ஆகாது.

தும்புத்தூளில் ஒரு கவனம் வேண்டும். உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு நிறைய இருக்கும். ஓர் உரப்பையில் போட்டு, நன்னீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்து, இதையே மூன்று தடவை செய்த பிறகு பாவியுங்கள். மழைநீரில் நனையவிட்டால் வேலை இன்னும் இலகு.

தண்டிலிருந்து கன்று

செவ்வரத்தைக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. அயல் வீட்டுக்காரரிடம் கேட்டு, பென்சில் பருமனுள்ள, பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய கிளையை வெட்டுங்கள். ஆறு முதல் எட்டு அங்குல நீளம் போதும். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, சரிவாக இருக்கட்டும். நுனியில் இரண்டு இலை விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். அந்த இரண்டையும் பாதியாக வெட்டுங்கள். மணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்த பையில், மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நான்கு முதல் எட்டுக் கிழமைக்குள் வேர் விடும். இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். துளிர் வந்து நான்கு இலை விரிந்தால் வேர் வந்துவிட்டது. நந்தியாவட்டையும் கடதாசிப்பூவும் இதே முறைக்கு வசப்படும். கடதாசிப்பூவின் தண்டு மட்டும் சற்று முற்றியதாக இருக்கட்டும்.

மல்லிகைக்குப் பதியன் எளிது. தாழ்ந்த கிளையை வளைத்து, நிலத்தில் படும் இடத்தில் தோலைச் சிறிது சீவி, மண்ணால் மூடி, மேலே ஒரு கல் வைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தனிக் கன்றாகும்.

நீர் விடுதல்

சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம். மேற்பரப்பு காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஊற்றுவதும், நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதும் வேரை மேலேயே தங்கவைத்துவிடும். நிலத்துச் செடிக்கு, நட்ட முதலாண்டில் கச்சான் காலத்தில் ஒன்றுவிட்ட ஒருநாள் ஒரு வாளி நீரை மெதுவாக இறக்கிவிடுவது நாளும் ஒரு செம்பு விடுவதை விட நல்லது. சிறு மட்சாடிகளுக்குக் கச்சானில் காலை, மாலை இரு வேளையும் நீர் தேவைப்படும். அடிமரத்தைச் சுற்றி வைக்கோலோ தென்னோலையோ சருகோ மூன்று விரல் தடிப்பில் மூடாக்காகப் போடுங்கள். தண்டோடு ஒட்டாமல் சற்று விலகியிருக்கட்டும்.

சவர்நீர் மட்டுமே கிடைக்கும் மாதங்களில் கொஞ்சமாக ஊற்றுவது தவறு. கொஞ்ச நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் சாடியில் தங்கும். அடித்துளை வழியே ஓடும்வரை நிறைய ஊற்ற வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறையாவது சேமித்த மழைநீரோ குழாய் நீரோ விட்டுக் கழுவிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உவரேறிய நம் கரையோரக் கிணறுகளையும் நிலத்தையும் மாரி மழைகள்தான் கழுவித் தந்தன. சாடிக்குள்ளும் நன்னீர் அதே வேலையைத்தான் செய்யும்.

கடதாசிப்பூவுக்கு இந்தப் பரிவு வேண்டாம். இலை லேசாகத் துவளும்வரை காத்திருந்து நீர் விடுங்கள். அந்தச் சிறு தாகமும் ஆறு மணி நேர வெயிலும்தான் அதைப் பூக்கவைக்கின்றன.

எரு

நிலத்துச் செடிக்கு ஆண்டில் இருமுறை, மாரி தொடங்கும்போதும் முடியும்போதும், இரண்டு கூடை மக்கிய எரு போதும். சாடிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி கூட்டெரு அல்லது பொடித்த ஆட்டுப் புழுக்கை. நம் ஊரில் மீன் கழிவு தாராளமாகக் கிடைக்கிறது. அதே எடை சர்க்கரையோ கழிவுச் சீனியோ சேர்த்து, மூடிய வாளியில் ஒரு மாதம் நிழலில் வைத்து வடித்தால் நல்ல திரவ உரம். ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை விடலாம். வாளியின் மூடியை இடையிடையே சற்றுத் திறந்து காற்றை வெளியேற்ற மறக்க வேண்டாம்.

யூரியாவை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூ வராது. செவ்வரத்தைக்கு ரி.எஸ்.பி. போன்ற பொஸ்பரசு உரங்கள் மிகினால் கெடுதி. அடுப்புச் சாம்பல் ரோசாவுக்குச் சிறிது போடலாம். எக்ஸோராவுக்குக் கூடவே கூடாது.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். நுனியிலுள்ள இளம் இலை நரம்பு பச்சையாக மஞ்சளானால் இரும்புக் குறை. கரையக்கூடிய இரும்புச் சத்து வாங்கி இலையில் தெளிக்கலாம். கீழுள்ள முதிர்ந்த இலை நரம்புகளுக்கிடையே மஞ்சளானால் மக்னீசியக் குறை. கீழ் இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் போதவில்லை, அல்லது வேரில் நீர் தேங்குகிறது. மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகே எருவைக் கையில் எடுங்கள்.

வைகாசிக்குப் பூ வேண்டுமானால்

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும் திருக்குளிர்த்தியும் நடக்கும்போது பூவுக்கு எவ்வளவு தேவை இருக்கும் என்று கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். கச்சான் தொடங்கும் காலம் அது. அப்போது சொந்த வளவிலிருந்து பூக்கூடை நிறைய வேண்டுமென்றால் கத்தரிக்கோலை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

செவ்வரத்தை புதுத் துளிரில்தான் பூக்கும். வெட்டிய இடத்திலிருந்து துளிர் நீண்டு மொட்டு வைக்க ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஆகவே மாசிக் கடைசியிலோ பங்குனி தொடக்கத்திலோ ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மரம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால் இடையில் பூவே இராது. பாதிக் கிளைகளை முதலிலும் மீதியை மூன்று கிழமை கழித்தும் வெட்டினால் பூ தொடர்ந்து வரும்.

மல்லிகையைத் தைக் கடைசியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் குறைத்து, காய்ந்த கிளைகளை அகற்றி, எரு இட்டு, நீர் விடுங்கள். பங்குனி, சித்திரையில் மொட்டு அரும்பும். கோயிலுக்குத் தொடுப்பவர்களுக்கும், ரோசாவும் மல்லிகையும் வாசலில் வளர்க்கும் காத்தான்குடி, ஏறாவூர் வீடுகளுக்கும் இந்தக் கணக்கு ஒன்றேதான். எக்ஸோராவில் வாடிய கொத்தை அதன் கீழுள்ள முதல் சோடி இலைக்கு மேலே வெட்டினாலே போதும். அந்த இரு இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு கொத்து வரும்.

பூச்சிகள்

செவ்வரத்தைக்கு முதல் பகை வெண்மூட்டுப்பூச்சி. நுனித் துளிர் சுருண்டு, பஞ்சு ஒட்டியதுபோலத் தெரியும். 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி செவ்வரத்தையிலும் குடியேறும். ஆகவே அருகிலுள்ள பப்பாசி மரத்தையும் பாருங்கள். தாக்கிய நுனியை வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். மீதியை வேகமான நீரால் கழுவி, மாலையில் ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். கிழமைக்கு ஒருமுறை, மூன்று தடவை. வெயிலில் தெளித்தால் இலை கருகும். எறும்புகள் தண்டில் ஏறி இறங்கினால், அவை இந்தப் பூச்சியின் இனிப்புக் கழிவுக்காகவே வருகின்றன. எறும்பைத் தடுக்காமல் பூச்சி ஒழியாது.

மல்லிகை மொட்டுகள் துளைபட்டு நூலாம்படையால் ஒட்டிக்கொண்டிருந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழிப்பதே சிறந்த வைத்தியம்.

மாரி வருமுன்

புரட்டாதி முடிவதற்குள் அடினியச் சாடிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, நீரை நன்றாகக் குறைத்துவிடுங்கள். மற்றச் சாடிகளின் அடித்துளையைக் குச்சியால் குத்தி அடைப்பு நீக்கி, இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுகளை மாரி முடியும்வரை எடுத்தே வைத்துவிட வேண்டும். அதில் தேங்கும் சிறிதளவு நீர் போதும், ஏழு முதல் பத்து நாளில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கத் தொடங்கிவிடும். வெற்றுச் சாடிகளைக் கவிழ்த்து வையுங்கள். கோடையில் தட்டு தேவைப்படுபவர்கள் அதை மணலால் நிரப்பிக்கொள்ளலாம்.

உயர்ந்த கிளைகளைக் கார்த்திகைக் காற்றுக்கு முன் சற்றுக் குறைத்து, இளங்கன்றுகளுக்குக் கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். மழை விட்ட இரவுகளில் ஆபிரிக்க நத்தைகள் இளந்துளிரைத் தேடி வரும். உப்புத் தூவி அவற்றைக் கொல்வது மண்ணையும் சேர்த்துக் கொல்வதாகும். வெறுங்கையால் தொடாமல், கையுறையோ பையோ போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் பொறுக்கி, உப்பு நீருள்ள வாளியில் இட்டு, பிறகு வளவின் ஒதுக்குப்புறத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அந்த உப்பு நீரைச் செடிகளின் பக்கம் கொட்ட வேண்டாம்.